உப்பிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: திருப்பூருல ஒரு பனியன் கம்பெனியில செக்கிங் சூப்பர்வைசரா இருக்கேனுங்க. வயசு 43. உடம்பு, மனசு, வேலை, சுத்துப்புறம் எல்லாம் நல்லா இருக்கணுமுன்னா என்ன படிக்கலாமுன்னு புத்தகக் கண்காட்சியில ஆறு புத்தகம் வாங்கினேன். எல்லாமே என்னைத்தான் மாத்திக்கச் சொல்லுது. ஒண்ணு காலையில அஞ்சு மணிக்கு எந்திரிக்கச் சொல்லுது. நான் நாலரைக்கே எந்திரிக்கறேன். எங்க வீட்டுக்காரருக்கு அஞ்சு வருசமா சர்க்கரை. அந்த ஆறுல ஒரு புத்தகத்தைப் படிச்சுப்போட்டு ரெண்டு மாசமா மாத்திரையை நிறுத்திட்டாரு. எங்க வீதியில அஞ்சு பேர் ஞாயித்துக்கிழமை மத்தியானம் சேர்ந்து படிக்கலாமுன்னு பேசி வெச்சிருக்கோம். அதுல ஒரு அக்கா எழுத்துக் கூட்டித்தான் படிப்பாங்க. கையில 2,000 ரூபாய் இருக்குது. சாப்பாடு, இயற்கை, வேலை, சமூகம் எல்லாத்தையும் பத்தி எதெது வாங்கட்டுமுங்க?

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். புத்தகப் பேச்சை எடுப்பதற்கு முன்னால் மாத்திரைப் பேச்சை முடித்துவிடுவோம். இந்தப் பதிலைப் படித்த மறுநாளே உங்கள் வீட்டுக்காரரை அழைத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். வெறும் வயிற்றில் ஒருமுறை பார்க்கும் சர்க்கரை அளவு மட்டும் போதாது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனையும் எடுக்கச் சொல்லுங்கள். செலவுதான் தயக்கம் என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை இலவசம். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்தும் தருகிறார்கள். நான் மருத்துவர் இல்லை. 31 ஆண்டுகள் கிளை நூலகங்களில் வேலை பார்த்தவள். ஆனால் ஒரு புத்தகத்தை நம்பி மாத்திரையை நிறுத்தியவர்களை என் மேசைக்கு எதிரே பார்த்திருக்கிறேன். அதில் ஒருவர், காலில் கட்டுப் போட்ட பிறகு, அந்தப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தார். அவர் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

இந்த வகைப் புத்தகங்கள் பலவற்றின் பின்னட்டையில் ஒரு குறள் இருக்கும். 'மருந்தென வேண்டாவாம் யாக்கைக்கு அருந்தியது அற்றது போற்றி உணின்.' 942ஆம் குறள். முன்பு உண்டது செரித்ததை அறிந்து உண்டால் மருந்து என ஒன்று வேண்டாம் என்பது பொருள். இது நோய் வராமல் காக்கும் வழி. நோய் வந்தபின் என்ன செய்வது என்பதை வள்ளுவர் அதே அதிகாரத்தின் கடைசிக் குறளில் சொல்லிவிட்டார். 'உற்றவன் தீர்ப்பான் மருந்துழைச் செல்வானென்று அப்பால்நாற் கூற்றே மருந்து.' நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்பவர், இந்த நான்கும் சேர்ந்ததுதான் மருத்துவம். எட்டுக் குறள் தள்ளிப் படிக்காதவர்கள் பின்னட்டை எழுதுகிறார்கள். உங்கள் வீட்டில் அந்த நான்காவது ஆள் நீங்கள். வீட்டுக்காரரிடம் சண்டை போட வேண்டாம். இந்த இரண்டு குறளையும் சேர்த்துப் படித்துக் காட்டுங்கள்.

இனி அந்த ஆறு புத்தகங்கள். அவை உங்களுக்குப் பயன்படாமல் போனது உங்கள் குறை இல்லை என்பதை அழுத்திச் சொல்கிறேன். நூலகத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் உண்டு. தன்னை மேம்படுத்திக்கொள்ளும் நூல்கள் 158இல் வரும். நீங்கள் கேட்டிருப்பதோ ஒரே ரேக்கில் கிடைக்காது. சமையலும் உணவும் 641, உடல்நலம் 613, வேளாண்மை 631, தொழிலாளர் 331, மனிதருக்கும் சுற்றுச்சூழலுக்கும் உள்ள உறவு 304. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்த எண்கள்தான் உலகம் என்று நினைத்தேன். வாசகர்கள்தான் எனக்குப் புரியவைத்தார்கள். தூக்கம் வரவில்லை, அதற்கு ஒரு புத்தகம் கொடுங்கள் என்று ஒருவர் கேட்பார். பேச்சுக் கொடுத்தால் அது இரவு ஷிப்ட் பிரச்சினையாக இருக்கும். 613இல் தேட வந்தவருக்கு 331இல்தான் பதில் இருக்கும்.

உங்கள் கதையும் அதுதான். ஷிப்மென்ட் நெருங்கினால் ஒன்றரை ஷிப்ட். வீட்டுக்கு வரும்போது ராத்திரி மணி பத்தைத் தாண்டும். இந்த நிலையில் நேரத்தோடு உறங்குங்கள், பசித்துப் புசியுங்கள் என்று ஒரு புத்தகம் சொன்னால், உங்கள் நாளின் 24 மணி நேரமும் உங்கள் கையில் இருப்பதாக அது நினைத்துக்கொண்டிருக்கிறது. அந்த நினைப்பு தவறு. உங்களை மட்டும் பார்க்கிற புத்தகம் உங்கள் கம்பெனியையும் ஆற்றையும் தெருவையும் பார்க்காது. அதனால் எல்லாப் பாரத்தையும் உங்கள் தலையிலேயே ஏற்றிவிடும்.

ஆகவே நான்கு தலைப்புக்கு நான்கு புத்தகம் என்று வாங்க வேண்டாம். உங்கள் அடுப்படியில் இருக்கிற ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொண்டு அது எங்கெல்லாம் கூட்டிப்போகிறதோ அங்கெல்லாம் போகலாம். நான் சொல்வது உப்பு.

முதல் ஞாயிற்றுக்கிழமைக்குத் தொ. பரமசிவனின் 'அறியப்படாத தமிழகம்'. 1997இல் வந்த சின்ன நூல். அதில் உப்பைப் பற்றி ஒரு கட்டுரை இருக்கிறது. சில பக்கங்கள்தான். ஒருவர் வாய்விட்டுப் படித்தால் காப்பி ஆறுவதற்குள் முடிந்துவிடும். உணவு, எண்ணெய், தேங்காய், உரல், உலக்கை என்று நாம் தினமும் புழங்கி, ஆனால் நின்று பார்க்காத பொருள்களின் வழியாக மனித உறவுகளைக் காட்டுவார் அவர். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று நாம் சொல்வதில் உப்பு ஏன் வந்தது? நீங்கள் வாங்கும் சம்பளம் என்ற சொல்லுக்குள்ளேயே சம்பா நெல்லும் அளத்து உப்பும் இருப்பதாக ஒரு விளக்கம் உண்டு. வேலைக்குக் கூலியாகச் சோறும் உப்பும். இந்தப் பேச்சைத் தொடங்கிவைத்தால் உங்கள் ஐந்து பேரில் யாருக்காவது, பண்டம் மாற்ற வந்த உப்பு வண்டிக்காரரைப் பற்றிப் பாட்டி சொன்ன கதை நினைவுக்கு வரும். அந்தக் கதையையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய பாட்டிலும் அந்த வண்டி ஓடுகிறது. அகநானூறு 140, அம்மூவனார் பாடியது. கழிநிலத்தில் 'உழாஅது செய்த வெண்கல் உப்பின்' என்று பாடுகிறார். உழாமலே விளைவது. உப்பு வணிகரான உமணரின் மகள் சேரியில் நின்று, 'நெல்லின் நேரே வெண்கல் உப்பு' என்று கூவி விற்கிறாள். நெல்லுக்குச் சரிக்குச் சரி உப்பு என்பது அவள் சொல்லும் விலை. உரைநூல் எதுவும் வேண்டாம். இந்த இரண்டு தொடர்களை மட்டும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, அந்த எழுத்துக் கூட்டிப் படிக்கும் அக்கா கையில் கொடுங்கள். அவரே படிக்கட்டும். நிறுத்தி நிறுத்திப் படிப்பதற்கென்றே செய்ததுபோல இருக்கும்.

அடுத்த நான்கு ஞாயிறுகளுக்கு ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்'. 1979இல் வந்த நாவல். அவர் எந்த மக்களைப் பற்றி எழுதினாரோ அந்த மக்களிடம் நேரில் போய்ப் பார்த்துக் கேட்டு எழுதியவர். தூத்துக்குடி உப்பளங்களுக்குப் போய் எழுதியது இது. குஜராத்துக்கு அடுத்தபடியாக நம் மாநிலத்தில்தான் உப்பு அதிகம் விளைகிறது. அதிலும் பெரும்பங்கு தூத்துக்குடிப் பக்கம். உப்பு விளைய என்ன வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். கடும் வெயில், காய்ந்த காற்று, மழை இல்லாமை. எந்தப் பருவத்தில் மனித உடம்பு நிழல் தேடுமோ அந்தப் பருவத்தில்தான் அங்கே வேலை. மழைக்காலத்தில் வேலையே கிடையாது, கூலியும் கிடையாது. வெள்ளைப் பாத்தியில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணை அறுக்கும். உப்புநீரில் நின்ற காலில் புண் ஆறாது. பொன்னாச்சி என்ற பெண்ணின் வழியாக இதையெல்லாம் நாவல் சொல்கிறது. கங்காணியின் பார்வை, கூலியில் பிடித்தம், பெண் என்பதால் கூடுதலாக வரும் அச்சம் எல்லாம் அதில் உண்டு. செக்கிங் மேசையில் நிற்கிறவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

நான் கடற்கரைப் பக்கம் ஒரு கிளையில் இருந்த சில ஆண்டுகளில், அளத்து வேலைக்குப் போகிற பெண் ஒருவர் இந்த நாவலை எடுத்துப் போனார். திருப்பிக் கொடுக்கும்போது, “கண்ணு கூசுறத சரியா எழுதிருக்காங்க, இத எழுதின அம்மா எங்கள மாதிரி அளத்துல நின்னிருப்பாங்களோ?” என்று கேட்டார். ஒரு நூலுக்கு அதைவிடப் பெரிய மதிப்புரையை நான் படித்ததில்லை.

உப்பு இன்னும் இரண்டு இடத்துக்குக் கூட்டிப்போகும். ஒன்று 1930. காந்தி தண்டியில் உப்பெடுத்த அதே மாதம், ராஜாஜி ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடக்கத் தொடங்கினார். கடல் தரும் பொருளுக்கு அரசு வரி போட்டதும், அதை எதிர்த்து ஆயிரக்கணக்கானவர்கள் சிறைக்குப் போனதும் சமூகம் என்ற உங்கள் தலைப்புக்குள் வருபவை. இன்னொன்று உங்கள் வீட்டு உப்பு டப்பா. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி, உப்பு போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. கல் உப்பு, தூள் உப்பு, இப்போது விலை ஏற்றி விற்கிற இளஞ்சிவப்பு உப்பு எல்லாமே பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான். நிறத்தில் மயங்க வேண்டாம். அளவையும், அயோடின் சேர்த்ததா என்பதையும் பாருங்கள். ஊறுகாயிலும் அப்பளத்திலும் கருவாட்டிலும் ஏறுகிற உப்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வள்ளுவர் ஊடலுக்கே உப்பளவு சொன்னவர். 'உப்பமைந் தற்றால் புலவி', அது சிறிது மிகுந்தாலும் கெடும் என்றார்.

பார்த்தீர்களா, ஒரு பொருள்தான். உணவு, இயற்கை, வேலை, சமூகம் நான்கையும் தொட்டுவிட்டோம்.

உப்பு முடிந்ததும் தண்ணீருக்கு வாருங்கள். அதற்கு வெளியூர் போக வேண்டியதில்லை. சுப்ரபாரதிமணியன் எழுதிய 'சாயத்திரை' உங்கள் ஊரின் நாவல். சாயக்கழிவு திருப்பூரை என்ன செய்தது என்பதுதான் கதை. பாசனத்துக்கென்று நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் கட்டிய அணையில் சாயத்தண்ணீர் தேங்கி நின்றதும், நொய்யல் விவசாயிகள் நீதிமன்றம் போனதும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்னதும் உங்களுக்குப் பாடப்புத்தகச் செய்தி அல்ல. அந்த மாதங்களில் வேலையில்லாமல் உட்கார்ந்தவர்கள் உங்கள் வீதியிலேயே இருப்பார்கள். இந்த நாவலைப் படிக்கும்போது உங்களுக்குள் சண்டை வரும். ஆறு முக்கியமா, சம்பளம் முக்கியமா என்று கேள்வி வரும். வரட்டும். கீழ்மடை விவசாயியின் கிணறும் சாய ஆலைத் தொழிலாளியின் அடுப்பும் ஒரே தண்ணீரை நம்பி இருந்தன என்பதை இரண்டு பக்கமும் பேசித்தான் உணர முடியும். உங்கள் கூட்டத்தில் அந்த இரண்டு பக்கத்தாரும் இருந்தால் அது பெரிய கொடுப்பினை.

மொழிபெயர்ப்பில் இரண்டே நூல்கள் சொல்கிறேன். ரேச்சல் கார்சனின் 'மௌன வசந்தம்' 1962இல் அமெரிக்காவில் வந்தது. பூச்சிமருந்து, புழுவைத் தின்னும் பறவைக்குள் எப்படிப் போகிறது, முட்டைக்குள் எப்படிப் போகிறது, மனிதனுக்குள் எப்படி வருகிறது என்று படிப்படியாகக் காட்டியவர். இதை எழுதும்போது அவருக்கே மார்பகப் புற்றுநோய். 1964இல் 56 வயதில் இறந்துபோனார். ரசாயனக் கம்பெனிகள் அவரை வசைபாடின. அவர் இறந்து எட்டு ஆண்டு கழித்து, 1972இல், டிடிடி என்ற பூச்சிமருந்தை அமெரிக்கா தடை செய்தது. முழுதும் படிப்பது கொஞ்சம் கடினம். முதல் அத்தியாயமும், பறவைகளைப் பற்றிய அத்தியாயமும் போதும்.

மற்றது மசனோபு ஃபுகுவோகாவின் 'ஒற்றை வைக்கோல் புரட்சி'. ஜப்பானில் 1975இல் வந்தது. பயிர்நோய் படித்துவிட்டு, பார்த்த வேலையை உதறி ஊருக்குத் திரும்பியவர். உழாமல், ரசாயன உரமும் பூச்சிமருந்தும் இல்லாமல் நெல்லும் பார்லியும் விளைவித்தவர். அதை வரிக்கு வரி நம் மண்ணில் செய்துபார்க்க முடியாது. அவருடைய மழை வேறு, மண் வேறு. ஆனால் எனக்கு அந்த நூலில் பிடித்தது வேறொன்று. அப்பா வளர்த்த ஆரஞ்சு மரங்களைக் கவாத்து செய்யாமல் இயற்கையாக விட்டுவிடுகிறேன் என்று விட்டபோது மரங்கள் பட்டுப்போனதை அவரே எழுதுகிறார். கைவிடுவது வேறு, இயற்கையோடு போவது வேறு என்று அங்கேதான் கற்றுக்கொண்டேன் என்கிறார்.

இதைச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. உங்கள் ஆறு புத்தகங்களையும் எடுத்து வைத்துக்கொண்டு ஒன்றைத் தேடிப் பாருங்கள். எழுதியவர் தான் தோற்ற இடத்தை எங்கேயாவது சொல்லியிருக்கிறாரா? கார்சன் தன் நூலின் கடைசியில் ஐம்பது பக்கத்துக்கும் மேல் தன் ஆதாரங்களை அடுக்கிவைத்தார், யார் வேண்டுமானாலும் சரிபார்த்துக்கொள்ளட்டும் என்று. ஃபுகுவோகா தன் பிழையைச் சொன்னார். மாத்திரையை நிறுத்தச் சொன்ன அந்தப் புத்தகத்தில், யாரெல்லாம் இதைச் செய்யக்கூடாது என்று ஒரு வரியாவது உண்டா? கடைசிப் பக்கத்தில் பொடியோ லேகியமோ விற்கும் தொலைபேசி எண் இருக்கிறதா? உடல்நலம் சொல்கிற எந்த நூலையும் நான் ரேக்கில் வைப்பதற்கு முன் இந்த இரண்டு இடத்தையும் புரட்டிப் பார்ப்பேன். வீட்டுக்காரரையே பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் சொல்வதைவிட அவர் கண்டுபிடிப்பது நல்லது.

நீங்கள் கேட்ட நான்கையும் ஒன்றாகவே பார்த்த ஒருவர் நம்மிடையே இருந்தார். ஜே. சி. குமரப்பா, 1892இல் தஞ்சாவூரில் பிறந்தவர். லண்டனில் கணக்காயர் படிப்பு, அமெரிக்காவில் பொருளாதாரப் படிப்பு. எல்லாம் முடித்து வார்தாவில் காந்தியோடு கிராமத் தொழில் வேலைக்கு வந்தவர். 'நிலைத்த பொருளாதாரம்' என்று தமிழில் வழங்கும் அவருடைய நூல் சிறையில் எழுதப்பட்டு 1945இல் வெளிவந்தது. வாழும் முறைகளை அவர் விலங்குகளையும் பறவைகளையும் வைத்துப் பிரிக்கிறார். ஆட்டைக் கொன்று தின்னும் புலி, தான் வளர்க்காத மாந்தோப்பில் பறிக்கும் குரங்கு, தனக்கென்று கூடு கட்டும் பறவை, கூட்டத்துக்காகத் தேன் சேர்க்கும் தேனீ, குஞ்சுக்கு இரை கொண்டுவரும் தாய்ப்பறவை. உங்கள் கம்பெனி, உங்கள் வீடு, உங்கள் தெருச் சீட்டு ஒவ்வொன்றும் இதில் எதைப்போல இருக்கிறது என்று ஐந்து பேரும் பேசினால் ஒரு மத்தியானம் போதாது. அதே நூலில், ஒரு லட்சம் பேர் வாழும் பகுதிக்குச் சத்தான சாப்பாடும் உடுக்கத் துணியும் கிடைக்க எந்தப் பயிருக்கு எவ்வளவு நிலம் வேண்டும் என்று கணக்காயராக உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார். சாப்பாட்டையும் பருத்தியையும் ஒரே அட்டவணையில் வைத்த மனிதர்! அவர் செயலாளராக இருந்த அகில இந்திய கிராமத் தொழில் சங்கம் கைக்குத்தல் அரிசிக்காக நின்றதும் அந்தக் கண்ணோட்டத்தில்தான். ஆலையில் தீட்டினால் தவிட்டோடு சத்தும் போகும், நெல் குத்திப் பிழைத்த பெண்ணின் கூலியும் போகும். இரண்டும் அவருக்கு ஒரே இழப்பு. 'சிறியதே அழகு' எழுதிய ஷூமாக்கர் தன் நூலில் குமரப்பாவை மேற்கோள் காட்டுகிறார். மேற்கே புகழ்பெற்ற அந்த நூலை அறிந்த அளவுக்கு நாம் குமரப்பாவை அறியவில்லை என்பதில் எனக்கு நெடுநாள் வருத்தம். கடைசிக் காலத்தில் மதுரைப் பக்கம் தே. கல்லுப்பட்டியில் இருந்தார். 1960இல், காந்தியின் நினைவு நாளான ஜனவரி 30 அன்று, காலமானார். இந்த நூலைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். நடை கனமானது. மற்றவற்றைப் படித்தபின் எளிதாகிவிடும்.

பணத்தைப் பற்றி. 2,000 ரூபாயை ஒரே நாளில் செலவழிக்காதீர்கள். ராஜம் கிருஷ்ணனின் நூல்கள் 2009இல், அவர் இருக்கும்போதே, நாட்டுடைமை ஆக்கப்பட்டன. அதனால் 'கரிப்பு மணிகள்' நாவலைக் கைப்பேசியிலேயே இலவசமாகப் படிக்கலாம். வாய்விட்டுப் படிக்க மட்டும் ஓர் அச்சுப் பிரதி வைத்துக்கொள்ளுங்கள். 'அறியப்படாத தமிழகம்' வாங்குங்கள், அது வீட்டில் இருக்க வேண்டிய நூல். 'சாயத்திரை' கிடைத்தால் வாங்குங்கள். மற்றதையெல்லாம் உங்கள் கிளை நூலகத்தில் கேளுங்கள். இல்லை என்றால் வேண்டுகோள் பதிவேட்டில் எழுதிவிட்டு வாருங்கள். வாசகர் வட்டம் இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். ஞாயிறு மத்தியானம் உட்கார ஓர் இடம் கிடைக்கலாம். நீங்கள் கட்டும் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்தே போகிறது. அங்கே போய்க் கேட்பது உங்கள் உரிமை. 1931இல் மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமத்துக்குக் கொண்டுபோனார்கள். அந்த வண்டியைத் தொடங்கிவைத்த எஸ். ஆர். அரங்கநாதனும் குமரப்பா பிறந்த அதே 1892இல், அதே பழைய தஞ்சை மாவட்டத்தில் பிறந்தவர். ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர் உண்டு என்பது நூலகங்களுக்கு அவர் வகுத்த ஐந்து விதிகளில் ஒன்று. அந்த வரியை நினைத்துக்கொண்டுதான் உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதல் ஞாயிறு ஆளுக்கொரு கை உப்பு தங்கள் வீட்டிலிருந்து கொண்டுவரட்டும், பாக்கெட்டோடு. பாக்கெட்டில் அச்சிட்டிருப்பதை முதலில் படியுங்கள்: எங்கே விளைந்தது, எந்த மாதம் கட்டியது, என்ன சேர்த்தது. அதன்பின் கட்டுரை. ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுக்காதீர்கள், திங்கட்கிழமை நாலரைக்கு எழ வேண்டியவர்கள் நீங்கள். ஷிப்மென்ட் வாரத்தில் கூட்டம் வேண்டாம், தூங்குங்கள். வீட்டுக்காரரின் பரிசோதனை முடிவு வந்ததும் ஒரு வரி எழுதிப் போடுங்கள். அந்த அக்கா அகநானூற்று வரியைப் படித்துவிட்டு என்ன சொன்னார் என்பதையும் எழுத மறக்காதீர்கள்.